எள்ளுருண்டை அண்டாவின் மூடி

இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. ஆனால் இப்போதே பல்லைக் காட்டாதீர்கள். அது வரும்போது வரும்.

முன்னொரு காலத்தில் மஞ்சநத்தி நாட்டைக் கொழுந்துவேல் ராஜா ஆண்டுவந்தார். அரியணையைவிட்டு எழ இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். மூன்று படி ஏறினால், "அ...மைச்...சரே, சற்று... நில்லும்!" என்று இளைப்பார். முழங்கால் மடக் மடக்கென்று தனியாகப் பேசும். பயிற்சி என்று யாராவது வாய்திறந்தால் நாடு கடத்திவிடுவார்.

அவர் மைத்துனர் தளபதி வீறாப்பனுக்கு அரியணைமேல் ஒரு கண். ஒருநாள் சபையில் மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்தார்.

"அத்தான்! பங்குனி விழாவில் பாட்டனார் வாளை நீங்கள் ஒற்றைக் கையால் தலைக்குமேல் தூக்க வேண்டும். முடியாவிட்டால் முடியை இறக்க வேண்டும். குல வழக்கம்! கவலை வேண்டாம், முடியை வாங்கிக்கொள்ள நான் பக்கத்திலேயே நிற்கிறேன்."

ராஜாவுக்குப் பேயறைந்தது போலாயிற்று. அமைச்சர் சடையப்பிள்ளையைத் தனியே அழைத்தார்.

"பிள்ளைவாள், ஆறே மாதம்! ஏதாவது செய்யும். ஆனால் என்னை எதையும் தூக்கச் சொல்லாதீர்."

"ஐயோ, சொல்வேனா பிரபு?"

ராஜாவுக்கு எள்ளுருண்டை என்றால் உயிர். அவர் பண்டத்தில் வேறு கை படக்கூடாது. ஒரு தடவைக்கு ஓர் உருண்டைதான், உடனே அண்டாவை மூட வேண்டும். இதுவும் அரண்மனை வழக்கம். மறுநாள் அந்த அண்டாவுக்குப் புது மூடி வந்தது.

"என்னய்யா, மூடி கனக்கிறது?"

"எறும்பு, பிரபு! பழைய மூடியைத் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுகிறது."

அடுத்த வாரம் மூடி இன்னும் கனத்தது.

"மறுபடியுமா?"

"எறும்புகள் தள்ளித் தள்ளிப் பலசாலி ஆகிவிட்டன, பிரபு."

"அடேங்கப்பா! எறும்புக்கு இத்தனை புஜபலமா!" என்று வியந்துகொண்டே ராஜா மூடியைத் தூக்கினார்.

சிரிக்காதீர்கள். இன்னும் இல்லை.

வாராவாரம் மூடி பெருத்தது. உருண்டை நெல்லிக்காயாகி, சுண்டைக்காயாகச் சிறுத்தது. வாய் நிறைய வேண்டுமானால் பத்து தடவை தூக்க வேண்டும்! ஒருநாள் விட்டு ஒருநாள் அண்டாவுக்குப் பூட்டு. "இன்று எறும்புகளுக்கு ஓய்வு, பிரபு. ஓய்ந்தால்தான் அவற்றுக்குப் பலம் ஏறுமாம்."

பங்குனி வருவதற்குள் ராஜா தானாக எழுந்தார். மூச்சு வாங்காமல் மாடி ஏறினார். முழங்கால் வாயை மூடிக்கொண்டது. படுத்தால் உடனே தூக்கம். "எல்லாம் எள்ளின் மகிமை!" என்றார்.

விழா நாளும் வந்தது. வீறாப்பன் வெள்ளித் தட்டோடு காத்திருந்தார். ராஜா வாளைப் பிடித்தார். ஒரே தூக்கு!

"மோசடி! இது மரவாள், அத்தான்!"

"அப்படியா? நீயே பிடி, மச்சான்."

ஒற்றைக் கையில் வாங்கினார் வீறாப்பன். வாள் தரைக்குப் போயிற்று. பின்னாலேயே தளபதியும் போனார். மீசையெல்லாம் மண்.

ராஜா தன்னுடைய பொன் தோள்வளையைக் கழற்றி அமைச்சருக்குப் பூட்டினார். "அண்டாவைக் காத்த பிள்ளைவாளுக்கு இது! அந்த எறும்புகளுக்கும் என் கையாலேயே சர்க்கரை போடுவேன்."

சர்க்கரையோடு போய் அண்டாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓர் எறும்பைக்கூடக் காணோம். மூடியைப் பார்த்தார், ஆட்டுக்கல் பருமன். தன் புஜத்தைப் பார்த்தார்.

"யோவ் பிள்ளை... அந்த எறும்பு நான்தானா?"