செல்லத்தாயின் நெஞ்சுச் சத்தம்

“நான் எப்ப மேடம் டாக்டர் ஆவேன்?”

முகுந்தன் கேட்டார். திரையில் ஜுனைதா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை. அவரிடம் உடனே எதுவும் வராது.

“ஒன்றரை வருஷமா திரையையே பாத்துட்டு இருக்கேன் மேடம். உடம்புல இருக்கிற எல்லா எலும்புக்கும் பேர் தெரியும். ஒண்ணையும் தொட்டதில்ல. இப்படியே போனா எப்ப?”

ஜுனைதா மடிக்கணினியைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார்.

வெள்ளை. வேறொன்றும் இல்லை.

முகுந்தன் பார்த்தார். இன்னும் பார்த்தார்.

“மேடம், ஸ்கிரீன் நின்னுபோச்சு.”

“நிக்கல. பனி.”

கொஞ்ச நேரம் கழித்து வெள்ளைக்குள்ளிருந்து ஒரு மரம் வந்தது. வந்து, அங்கேயே நின்றது. பிறகு அதுவும் போய்விட்டது.

வகுப்பு முடிந்தது.

&nbsp;

ஜுனைதா வால்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட் மருத்துவமனையில் டாக்டர். காலையில் நோயாளிகள். மதியம் ஒரு பல்கலைக்கழகத்துக்காக இணைய வகுப்பு.

முகுந்தன் சிங்கப்பூரில் ஈசூனில் இருந்தார். மருந்துத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. ஜுனைதாவைவிட மூத்தவர். அதனால் ஜுனைதா அவரை அண்ணா என்பார். அவர் ஜுனைதாவை மேடம் என்பார். ரெண்டு பேருக்கும் இதில் சங்கடம் இல்லை.

முகுந்தன் படித்துவந்தது உயிர்மருத்துவ அறிவியலில் முதுகலை. அதைப் படித்தால் டாக்டர் ஆகிவிட முடியாது. டாக்டர் படிப்பின் வாசல் வரை கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். நல்ல மார்க் வாங்கினால் நேர்முகத்துக்குக் கூப்பிடுகிறோம் என்று ஒரு மருத்துவக் கல்லூரி சொல்லியிருந்தது. அந்த ஒன்றுதான் சொன்னது. அடுத்த வருஷம் போனால் வயது தாண்டிவிடும், எடுக்க மாட்டார்கள்.

ஆக, இந்த வருஷம் அல்லது எப்போதும் இல்லை.

எனவே முகுந்தன் எல்லாப் பாடத்தையும் இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டார். ரயிலில், லிஃப்டில், சோறு வேகும்போது. இந்தப் படிப்பில் எல்லாரும் அப்படித்தான். பேராசிரியர்கள் அணில் குரலில் பேசினார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவர் நேரலையில் வந்தார். இவருக்கு உடம்பு சரியில்லையோ, ஏன் இப்படி இழுத்து இழுத்துப் பேசுகிறார் என்று முகுந்தன் கவலைப்பட்டார்.

“எங்க வீட்டுல எல்லாமே ரெண்டு மடங்கு வேகம். பாத்திரம் கழுவுறது மட்டும் பாதி வேகம்,” என்பார் அவர் மனைவி கோமளா.

&nbsp;

கடைசி செய்முறைத் தேர்வு வந்தது. பாதி மார்க் அதற்குத்தான்.

ஜுனைதா ஒரே ஒரு ஒலிப்பதிவை அனுப்பினார். உண்மையான ஒரு ஆளின் நெஞ்சில் மின்னணு ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்துப் பிடித்தது. நீளமான பதிவு. கேட்டுவிட்டு, என்ன இருக்கிறது, என்ன செய்வீர்கள் என்று எழுத வேண்டும்.

மற்றவர்கள் விவரமானவர்கள். முதல் பதினைந்து நொடி கேட்டார்கள், துடிப்பை எண்ணினார்கள், நாலால் பெருக்கினார்கள். எழுபதுக்குக் கொஞ்சம் மேல். நல்ல இதயம் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

முகுந்தன் முழுதும் கேட்டார். வேலைக்கு, துவாஸ் போகும் ரயிலில் நின்றுகொண்டு.

இதயம் தறிகெட்டு ஓடியது. நூற்று நாற்பதுக்கு மேல். நடுவே ஒரு இடத்தில் கீச்சுக் கீச்சென்று வேறொரு சத்தம். இரண்டு தோல் ஒன்றோடொன்று உரசுவது போல. முகுந்தனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவருக்குத் தெரியும் இது. இதய உறையில் அழற்சி. உராய்வுச் சத்தம். பாடத்தில் படித்தது, இன்று காதில் விழுந்துவிட்டது.

உடனே உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும், துடிப்பைக் குறைக்க மருந்து, அழற்சிக்கு மருந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை. ரயில் நிற்பதற்குள் அனுப்பிவிட்டார்.

வகுப்புக் குழுவில் அவர் எழுதியதைப் பார்த்துவிட்டு, நாகர்கோவிலில் இருந்து படிக்கிற பிரின்ஸி, “அண்ணன் யாரையோ ஐசியூவுல தள்ளிட்டாரு, பூ வாங்கிட்டுப் போவோம்,” என்று போட்டாள்.

மற்ற எல்லாருக்கும் முழு மார்க். முகுந்தனுக்குப் பூஜ்யம்.

கீழே ஜுனைதா எழுதியிருந்தார்: “நல்லா நடமாடுற ஒருத்தங்களைப் படுக்க வெச்சிட்டீங்க அண்ணா.”

முகுந்தன் செயலியைத் திறந்து பார்த்தார். மூலையில் சின்னதாக இருந்தது. இரண்டு மடங்கு வேகம்.

&nbsp;

அவர் கெஞ்சினார். மற்றவர்களைப் போல வேகத்தை மாற்ற மறந்ததுதான் தப்பு, அறிவில் தப்பில்லை என்றார். ஆசிரியர் ஒப்புக்கொண்டால் மார்க்கைத் திருத்தலாம் என்று விதி இருப்பதை எடுத்துச் சொன்னார். வேறொரு பதிவாவது கொடுங்கள் என்றார்.

“வேற நெஞ்சு எங்கிட்ட இல்ல,” என்றார் ஜுனைதா. “அதையே கேளுங்க. ஞாயித்துக்கிழமை பேசலாம்.”

&nbsp;

சனிக்கிழமை மத்தியானம் மழை.

முகுந்தன் தரையில் படுத்தார். காதில் ஹெட்போனை மாட்டினார். சாதாரண வேகத்தில் ஓடவிட்டார்.

லப். டப்.

பிறகு ஒன்றுமில்லை.

விரல் தானாக வேகம் மாற்றும் மூலைக்குப் போனது. இழுத்துக்கொண்டார்.

லப். டப்.

எவ்வளவு பெரிய இடைவெளி. ஒரு ஆள் அதில் படுத்துத் தூங்கலாம் போல இருந்தது. முகுந்தனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார். மழை விடவில்லை. படுத்தே கிடந்தார்.

எப்போது அந்தச் சத்தத்துக்குள் போனார் என்று தெரியவில்லை. ஒரு பெரிய வீடு. சுவர் எல்லாம் வெதுவெதுப்பாக இருந்தது. எங்கோ ஒரு கதவு மூடியது, இன்னொரு கதவு மூடியது. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் நகர்ந்தது. யாரும் அவசரப்படவில்லை. அவர் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நடந்தார். தலைக்கு மேலே மூச்சு வந்து போனது, தென்னை ஓலையில் காற்று வருவது போல. இந்த வீட்டில் யாரோ ரொம்ப நாளாக இருக்கிறார்கள் என்று தோன்றியது. அடுப்புப் புகை வாசம் கூட வந்தது. ஒலியில் எப்படி வாசம் வரும் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்போது சுவர் பேசியது.

வெளியிலிருந்து வந்த குரல் இல்லை. விலா எலும்புகளுக்கு உள்ளிருந்து, கனமாக, தண்ணீருக்கடியில் பேசுவது போல.

“இம்புட்டு நேரமா வச்சிக் கேக்கீங்களே தாயீ. எனக்கு ஏதும் ஆயிப்போச்சா?”

முகுந்தன் நின்றார்.

பதில் வரவில்லை.

கதவுகள் கொஞ்சம் வேகமாக மூட ஆரம்பித்தன. ஓடுகிற வேகம் இல்லை. காத்திருக்கிற வேகம். அப்படியே காத்திருந்தது அந்த வீடு.

பதில் வரவில்லை.

“சரிதான்,” என்றது குரல், தனக்குத்தானே.

“இல்லம்மா,” என்றார் முகுந்தன் சத்தமாக. “ஒண்ணும் இல்லம்மா.”

“யாருக்கு என்ன இல்ல?” என்றார் கோமளா சமையலறையிலிருந்து.

முகுந்தன் எழுந்து உட்கார்ந்தார். பதிவில் அந்த இடத்தைப் பார்த்தார். உராய்வுச் சத்தம் என்று அவர் எழுதியது அதே இடம்தான். ஒரு மனுஷி வாய்விட்டுக் கேட்ட கேள்விக்கு அவர் நோய் என்று பேர் வைத்திருந்தார்.

&nbsp;

ஞாயிற்றுக்கிழமை.

கால்ல விழுந்தாவது மார்க்கை வாங்குங்க என்று கோமளா சொல்லியிருந்தார். ஸ்கிரீனில் எப்படி விழுவது என்று இருவரும் யோசித்தார்கள். செயலி தன் பாட்டுக்குப் பழைய வேகத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது, அது மாணவன் குற்றமல்ல என்று வாதாடலாம் என முடிவானது. முகுந்தன் அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

“கேட்டீங்களா?” என்றார் ஜுனைதா.

“கேட்டேன்.”

“என்ன நோய்?”

“நோய் இல்ல மேடம். அந்த உராய்வுச் சத்தம், அந்தம்மா பேசுறது.”

ஜுனைதா லேசாகத் தலையாட்டினார். நல்ல மாணவர் என்பது போல. மார்க் திருத்தும் பக்கத்தைத் திறந்தார். சுட்டி அதன் மேல் போய் நின்றது கூடத் திரையில் தெரிந்தது.

“அவங்க ஒண்ணு கேட்டாங்க மேடம். பதில் சொன்னீங்களா?”

சுட்டி நகரவில்லை.

இந்தத் தடவை திரை நின்றுபோனதா என்று முகுந்தன் கேட்கவில்லை.

“பதிவு கெட்டுடும்னு வாயைத் திறக்கல,” என்றார் ஜுனைதா.

“அப்புறம்?”

“அப்புறம் அடுத்த ஆள் வந்துட்டாங்க.”

“அந்தம்மா திரும்ப வந்தாங்களா?”

ஜுனைதா போனில் இணைப்பை மாற்றிக்கொண்டு எழுந்தார்.

&nbsp;

திரை முழுதும் பனி. செருப்புச் சத்தம். ஏறி, இறங்கி, திரும்பி. எங்கோ ஒரு நாய். முகுந்தன் ஈசூனில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி பாதை தெரியாத ஒரு மலையில் நடந்துகொண்டிருந்தார். தேயிலைச் செடிகள் கிட்டே வந்ததும்தான் பச்சையாயின. தாண்டியதும் வெள்ளையாயின.

தொழிலாளர் குடியிருப்பு வரிசை. ஒரு கதவு.

கதவைத் திறந்தது ஐம்பது வயதுப் பெண். தேயிலை பறிக்கிறவர். பேர் செல்லத்தாய். ஜுனைதாவைப் பார்த்ததும் அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“டாக்டரம்மாவே வீட்டுக்கு வந்துட்டீங்களா,” என்றார். “அப்ப சீக்கிரந்தான் போல.”

ஜுனைதா வாயைத் திறந்தார். வரவில்லை.

“இருக்கட்டும் தாயீ. கோழியெல்லாம் அக்கா மகளுக்குக் குடுத்துட்டேன். வேற என்ன இருக்கு எங்கிட்ட.”

ஜுனைதா போனை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

“அம்மா,” என்றார் முகுந்தன். “உங்க நெஞ்சை நான் கேட்டேன்.”

செல்லத்தாய் உற்றுப் பார்த்தார். “பெரிய டாக்டரா?”

“இல்லம்மா. படிக்கிறவன்.”

“இந்த வயசுலயா?”

“ஆமாம்மா. மொதல்ல தப்பா எழுதிட்டேன். அப்புறம் முழுசாக் கேட்டேன். உங்களுக்கு ஒண்ணும் இல்ல.”

“முழுசுமா கேட்டீங்க?”

“முழுசும். ‘சரிதான்’னு நீங்க சொன்னது வரைக்கும்.”

செல்லத்தாய் ஜுனைதாவைப் பார்த்தார். ஜுனைதா தலையசைத்தார். கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

செல்லத்தாய் மெதுவாக வாசற்படியில் உட்கார்ந்தார். நெஞ்சில் கையை வைத்தார். எடுத்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது.

“இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்ன? ராவும் பகலும் கையை நெஞ்சுல வச்சிக்கிட்டு, அடிக்குதா, அடிக்குதான்னு பாத்துக்கிட்டுல்ல இருந்தேன். யாருகிட்டச் சொல்ல? அந்தச் சாம்பக் கோழி அடைக்கு உக்காந்திருந்துச்சு. அதையும் முட்டையோட தூக்கிக் குடுத்தேன். அது எம்புட்டு நம்பிக்கையா உக்காந்திருந்துச்சு தெரியுமா. தூக்குனா கொத்தவே இல்ல. என் மொகத்தையே பாத்துச்சு...”

“முகுந்தன் அண்ணா,” என்றார் ஜுனைதா. “உங்க மார்க்...”

முகுந்தன் கையைத் தூக்கி அவரை நிறுத்தினார்.

செல்லத்தாய் இன்னும் கோழியைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை.