ஆற விரும்பிய புண்

ஒரு ஊரில் சந்தனமாரி என்று ஒருத்தி இருந்தாள். பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுச்சேலைப் பிரிவில் வேலை. காலையில் போய் நின்றால் ஷட்டர் இறங்கும்வரை நின்றுகொண்டே இருப்பாள். கழிப்பறை மேல்மாடியில் இருந்தது. போக வேண்டுமென்றால் சூப்பர்வைசர் ஞானதுரையிடம் கேட்க வேண்டும். ஒரு ஆம்பிளையிடம் அதை எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டு, தண்ணீரே குடிக்காமல் பழகிக்கொண்டாள்.

அவளுக்குள் மூன்று பேர் குடியிருந்தார்கள். மேல்வாசலில் நாக்கு. நடுவில் குடல். கீழ்வாசலில் காவல்காரன், சுருங்கி விரிந்து வாசலை மூடித் திறக்கிற தசை அவன். ஒரே உடம்பில் இருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. குரல் மட்டும் கேட்கும்.

அந்த வீட்டில் நாக்கு வைத்ததுதான் சட்டம். மத்தியானம் கடைக்குப் பின்னால் பரோட்டா ஸ்டால். "சால்னாவை நல்லா முங்க ஊத்தச் சொல்லு" என்பாள் நாக்கு. சாயங்காலம் டீயும் காராசேவும். ராத்திரி, களைப்புக்கு வெள்ளைச் சோறும் பொரித்த அப்பளமும். கீரை என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பாடு எல்லாம் குடலுக்கு. வருவதில் நாரும் இல்லை, நீரும் இல்லை. இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் பிழிந்து உடம்புக்குக் கொடுத்துவிடுவது அவர் குணம். மிச்சம் கல்லாக இறுகிப்போகும்.

"இதை எப்படிய்யா நான் வெளியே விடுவேன்?" என்று கீழேயிருந்து காவல்காரன் கேட்பான்.

"என்கிட்ட கேட்டு என்ன செய்ய? மேலேயிருந்து வர்றதைத்தானே நான் தள்ள முடியும்" என்பார் குடல்.

ஆடித் தள்ளுபடி வந்தது. கூட்டம் நெரிந்தது. சந்தனமாரி அன்று முழுக்க அடக்கிக்கொண்டாள். மறுநாள் காலையில் முக்கி முக்கிப் போனபோது கீழ்வாசலின் ஓரம் கிழிந்தது. கண்ணாடிச் சில்லு அறுத்ததைப்போல இருந்தது. ரத்தமும் வந்தது.

கிழிந்த இடத்தில் ஒரு புண் பிறந்தது.

"யாரது?" என்று காவல்காரன் கேட்டான்.

"நான்தான். கொஞ்ச நாளைக்குத்தான் இருப்பேன். என்னைச் சும்மா விட்டால் ஆறிப் போய்விடுவேன்" என்றது புண்.

அதை யாரும் சும்மா விடவில்லை. மறுநாளும் கல்தான் வந்தது. புண் அலறியது. அலறலைக் கேட்ட காவல்காரன் பயந்து வாசலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கல் வெளியே போன பிறகும் பிடியை விடவில்லை. சந்தனமாரி கடையில் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த இறுக்கம் சுளீர் சுளீரென்று இழுத்தது. வாடிக்கையாளர்கள் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உன்னைக் காப்பாத்தத்தான் பிடிச்சிருக்கேன்" என்றான் காவல்காரன்.

"நீ பிடிக்கிற பிடியில் எனக்கு ரத்தம் வந்து சேரமாட்டேங்குது அண்ணே. ரத்தம் வராமல் நான் எப்படி ஆறுவேன்?" என்றது புண்.

அவனுக்குப் புரிந்தது. ஆனாலும் கை தளரவில்லை. பயந்தவன் கை அப்படித்தான்.

சந்தனமாரிக்குக் காலை விடிவதே பயமாகிவிட்டது. சாப்பிட்டால்தானே போகணும் என்று சாப்பாட்டைக் குறைத்தாள். வந்தாலும் அடக்கினாள். அடக்கிய அளவுக்கு உள்ளே கல் பெரிதானது. புருஷன் இசக்கிராஜாவிடம்கூடச் சொல்லவில்லை. அவன்தான் ஒருநாள், தரையில் உட்கார முடியாமல் சுவரைப் பிடித்து நிற்கிறவளைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"என்னட்டி, இடுப்பு வலியா?"

அவள் தலை குனிந்தபடி சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. "கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று தன் ஆட்டோவை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு பெண் டாக்டர். பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே பேசினார்.

"ஆசனவாயில வெடிப்பு. பயப்படாதீங்க, நிறைய பேருக்கு வர்றதுதான். ரத்தம்னதும் மூலம்னு நினைச்சு நீங்களா மருந்து வாங்காம வந்தீங்களே, அது நல்லது. தடவ மருந்து தர்றேன். வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் உட்காருங்க, இறுக்கம் விடும். ஆனா மருந்து பாதிதான். மீதி உங்க தட்டுல இருக்கு."

"என்ன சாப்பிடணும் டாக்டர்?"

"கீரை, காய், முழுப்பயறு, கேழ்வரகு, கொய்யா, பப்பாளி. கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்க, ஒரேயடியா சாப்பிட்டா வயிறு உப்பும். கூடவே தண்ணி. நார் மட்டும் சாப்பிட்டு தண்ணி குடிக்கலைன்னா இன்னும் இறுகிடும். வந்தா அடக்காதீங்க. அப்படியும் ஆறலைன்னா திரும்ப வாங்க, வேற வழி பார்ப்போம்."

வீட்டுக்கு வரும்போது வழியிலேயே சந்தனமாரி ஒரு கட்டு தண்டுக்கீரை வாங்கினாள்.

அன்றைக்கு நாக்கு செய்த ஆர்ப்பாட்டம் கொஞ்சமில்லை. "கேழ்வரகுக் களியா? தொண்டைக்குக் கீழே இறங்காது. நான் துப்பிடுவேன்" என்றாள்.

"துப்பினாலும் இதுதான்" என்றாள் சந்தனமாரி.

குடலுக்கு முதலில் தடுமாற்றம். பழக்கமில்லாத நார் வந்ததும் பொருமினார், உறுமினார். இரண்டொரு நாளில் நிதானித்தார். நாருக்குள் நீர் ஒளிந்துகொண்டு வந்தது. பிழிந்தாலும் முழுக்கப் பிழிய முடியவில்லை. "இப்படிச் சரக்கு வந்தா நான் ஏன்யா உன்னை வதைக்கப்போறேன்" என்று கீழே குரல் கொடுத்தார்.

வெந்நீர்த் தொட்டியில் அவள் உட்கார்ந்தபோது காவல்காரனின் கை முதன்முதலாகத் தளர்ந்தது. புண்ணுக்குள் ரத்தம் பாய்ந்தது. அதன் கிழிந்த ஓரங்கள் ஒன்றுகூடத் தொடங்கின.

வலி குறைந்ததும் நாக்கு மறுபடி தலைதூக்கினாள். இசக்கிராஜாவின் தங்கை வீட்டுக் காதுகுத்து. பரோட்டாவும் காரமான கோழி வறுவலும் ஆவி பறக்க வந்தன. "எல்லாம் சரியாயிட்டே, இன்னைக்கு ஒரு நாள்தானே" என்று நாக்கு குழைந்தாள். சந்தனமாரியும் இணங்கினாள். அந்தக் கூட்டத்தில் தண்ணீரையும் மறந்தாள்.

மறுநாள் காலை, கூடியது பிரிந்தது. மறுபடி ரத்தம்.

அவள் குளியலறைச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். உள்ளே காவல்காரன் பழையபடி இறுக்கினான். குடல் நாக்கைத் திட்டினார். குடல் மெதுவாகத் தள்ளியிருக்கலாமே என்றாள் நாக்கு. சண்டை ஓயட்டும் என்று காத்திருந்துவிட்டுப் புண் பேசியது.

"நான் இங்கே குடியிருக்க ஆசைப்பட்டு வரலை. இல்லாமல் போகத்தான் ஆசைப்படுறேன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இல்லாமல் போறேன். நீங்கதான் என்னைத் திரும்பத் திரும்பப் பெத்துப் போடுறீங்க."

 

சந்தனமாரி முகத்தைக் கழுவினாள். அவளுக்குள் ஏதோ ஒன்று உறுதிப்பட்டது. வீட்டில் என்ன தின்றாலும், கடையில் தண்ணீர் குடிக்காமல் இது ஆறப்போவதில்லை. தண்ணீர் குடிக்க வேண்டுமானால் மாடிக்குப் போக வேண்டும். மாடிக்குப் போக வேண்டுமானால் அந்த மனுஷனிடம் பேச வேண்டும்.

பெரிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கடைக்குப் போனாள். நேராக ஞானதுரை முன்னால் போய் நின்றாள்.

"சார், நான் இனிமே வேலை நேரத்துல தண்ணி குடிப்பேன். குடிச்சா மாடிக்குப் போகணும். ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டு நிக்கமாட்டேன். பக்கத்துல உள்ளவகிட்ட சொல்லிட்டுப் போயிட்டு வருவேன்."

ஞானதுரை நிமிர்ந்து பார்த்தார். "கூட்ட நேரத்துல எப்படிம்மா?"

"கையில இருக்கிற சேலையை மடிச்சு வச்சுட்டுத்தான் போவேன். வியாபாரம் கெடாது."

"நாளைக்கு எல்லாரும் இதையே கேப்பாங்களே?"

"கேக்கட்டும் சார். எல்லாருக்கும் வயிறு இருக்குல்ல."

சுற்றி நின்ற பெண்கள் சேலையை மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். காது சூடேறியது அவளுக்கு. ஆனாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை. வேலை போனால் போகட்டும் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். ஞானதுரை, "சரி, சீக்கிரம் வந்துரணும்" என்று நகர்ந்தார்.

அன்று மத்தியானம் அவள் கொண்டுபோன டப்பாவில் பாசிப்பயறு சுண்டலும், அவரைக்காய்ப் பொரியலோடு கொஞ்சம் சோறும் இருந்தன. பரோட்டா வாசனை காற்றில் வந்தது. நாக்குக்கு ஒரு தடவை எச்சில் ஊறியது. அப்புறம் தானாகவே, "அந்த அவரைக்காயை இன்னும் கொஞ்சம் எடு" என்றாள்.

வாரங்கள் போயின. கவுண்டருக்கு அடியில் அவளுடைய பாட்டிலுக்குப் பக்கத்தில் இன்னும் பல பாட்டில்கள் வந்து சேர்ந்தன. யாரும் யாரிடமும் காரணம் கேட்கவில்லை. இடையில் சில காலைகள் வலித்தன. வலித்த அன்று அவள் டப்பாவை மாற்றவில்லை, தண்ணீரைக் குறைக்கவில்லை. புண்ணின் குரல் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது.

ஒருநாள் காலையில் காவல்காரன் பயந்துகொண்டே வாசலைத் திறந்தான். வந்தது வாழைப்பழம்போல வழுக்கிக்கொண்டு போனது. அலறலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். ஒன்றும் கேட்கவில்லை.

"தங்கச்சி, வலிச்சுதா?"

பதில் இல்லை.

இன்னொரு தடவை கூப்பிட்டான். பிறகு குடலைக் கேட்டான். "போகும்போது உங்ககிட்டயாவது சொல்லுச்சா?"

"இல்லையே" என்றார் குடல்.

 "ஒரு வார்த்தை நல்லபடியாப் பேசி அனுப்பியிருக்கலாம்" என்றாள் நாக்கு.

காவல்காரன் புண் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். எந்த ஓரம் என்று தெரியவில்லை. அந்தப் புண்ணுக்கு அவர்கள் செய்யக்கூடிய மரியாதை ஒன்றுதான் இருந்தது: அது இருந்த இடம் தெரியாமலே இருக்கும்படி பார்த்துக்கொள்வது.