காலிச் சங்குகள்

மனைவி செங்கமலம் இறந்தபின் இருளப்பன் மணல்மேட்டுச் சாமியிடம் வந்து சேர்ந்தான். சாமியின் குடிசை கடலோரத்தில், அடும்புக்கொடி படர்ந்த மேட்டில் இருந்தது. செங்கமலத்தைப் புதைத்ததும் அதே மேட்டில்தான்.

அந்தக் கரையில் புதைத்த இடத்தில் சங்கு பதிப்பார்கள். மண் சரியாமல் இருக்கத் தலைமாட்டில் ஒரு வரிசை, அவ்வளவுதான். இருளப்பன் ஒரு வரிசையோடு நிறுத்தவில்லை. கடல் உள்வாங்கும் நேரமெல்லாம் கரையில் குனிந்தபடி நடந்தான். கண்ணில் பட்ட காலிச் சங்கு எதையும் விட்டுவைக்கவில்லை. சமாதி வெள்ளையாக வளர்ந்துகொண்டே போனது.

அவனுடைய மகள் பேச்சி சின்னப் பெண். அம்மா போனதிலிருந்து அத்தை வீட்டில் இருந்தாள்.

ஒரு நாள் காலை அவன் சாமி முன் வந்து நின்றான்.

"அக்கா ஆள் சொல்லி விட்டிருக்கு சாமி. அதோட மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சுதாம். மருமகனும் வீட்டோட வர்றாராம். இடமில்லை, பேச்சியைக் கூட்டிட்டுப் போன்னு சொல்லுது."

"போய்க் கூட்டிட்டு வா."

"சமாதி வேலை இன்னும் முடியலையே. கால்மாட்டுப் பக்கம் வெறுமையாக் கிடக்கு. முடிச்சிட்டு வர்றேன்னு சொல்லி விடட்டுமா?"

"எப்ப முடியும்?"

"மனசு நிறையணும் சாமி. அது எப்ப நிறையும்னு நீங்கதான் சொல்லணும்."

சாமி எழுந்தார். "வா, சங்கு பொறுக்கப் போவோம்."

இருளப்பன் அவரை ஏறிட்டுப் பார்த்தான். சாமி இதுவரை ஒரு சங்கைக்கூடத் தொட்டதில்லை.

இருவரும் கரையோரமாக நடந்தார்கள். பாறையில் பாசி இருந்தது. ஈரமணலில் நண்டு வளைகள் இருந்தன. சங்கு மட்டும் ஒன்றும் இல்லை.

"நல்லாத்தான் பெருக்கி வெச்சிருக்கே," என்றார் சாமி. "என் குடிசையை ஒரு நாள் இப்படிப் பெருக்கினதில்லை."

இருளப்பன் சிரிக்கவில்லை.

பாறை இடுக்கில் ஏதோ நகர்ந்தது. மருந்து பாட்டிலின் மூடி. அதன் அடியில் கால்கள். மூடிக்குள் பாதி உடம்புகூட அடங்கவில்லை. மீதி மெத்தென்று வெளியே தெரிந்தது.

"என்ன நண்டு இது? பின்னாடி ஓடே இல்லை."

"அதுக்கு அப்படித்தான். செத்துப்போன சங்கோட கூட்டுலதான் குடியிருக்கும். உடம்பு வளர்ந்தா பெரிய கூடா தேடும்."

"கிடைக்கலேன்னா?"

சாமி விரலை நீட்டிக் காட்டினார். நாலு எட்டு தள்ளி, கொடியோரத்தில் இன்னொரு நண்டு கிடந்தது. அதற்கு மூடிகூட இல்லை. எறும்பு மொய்த்திருந்தது.

இருளப்பன் அதன் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

பிறகு மேட்டுக்குப் போனான். சமாதியின் ஓரத்திலிருந்து ஒரு சங்கைப் பெயர்த்துக் கொண்டுவந்து, மூடியைச் சுமந்த நண்டின் அருகில் வைத்தான். நண்டு சங்கைக் காலால் தடவியது. உருட்டிப் பார்த்தது. கண்மூடித் திறப்பதற்குள் மூடியை விட்டுச் சங்குக்குள் புகுந்துகொண்டது.

மூடியை அலை இழுத்துப் போயிற்று.

இருளப்பன் மேட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"அவளுக்குன்னு வெச்சதை எடுத்துட்டேன் சாமி. இப்படி ஒவ்வொண்ணா எடுத்துட்டா, அவ இருந்தாங்கிறதுக்கு அப்புறம் என்ன மிச்சம் இருக்கும்?"

சாமி கடலைப் பார்த்தபடி கேட்டார்:

"பேச்சி யார் ஜாடை?"

இருளப்பன் மேட்டுப் பக்கம் போகாமல், அக்கா ஊருக்குப் பஸ் நிற்கும் ரோட்டைப் பார்த்து நடந்தான்.