தலைக்கு எடை இல்லை

வளைகுடா நாட்டில் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான் முனியராஜ். போலீஸ் திருப்பித் தந்த அவன் ஹெல்மெட்டையும் மற்ற சாமான்களையும், கூடத் தங்கியிருந்த சவரியப்பன் ஊருக்கு எடுத்துப் போகிறான். விமான நிலையத் தராசில் கைப்பை ஏழு கிலோவைத் தாண்டிவிட்டது.

வழியனுப்ப வந்த, கம்பெனித் தொழிலாளர் முகாமின் கேம்ப் பாஸ் ஜெகதீசனுக்கு இதுதான் சாக்கு. "அந்த ஹெல்மெட்டைக் குப்பையில போடுடா. இல்லேன்னா ஊர் போய்ச் சேர மாட்டே."

செத்தவன் ஹெல்மெட் போட்டிருந்தான், கம்பெனிமேல் தப்பில்லை என்று போலீசில் எழுதிக் கொடுத்தவரே அவர்தான்.

சவரியப்பன் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டான். "பையைத்தானே மேடம் எடை போடுவீங்க?"

கவுண்டரில் இருந்த மலையாளிப் பெண் சிரித்துவிட்டு, போகச் சொன்னாள்.

"பிளேனுக்குள்ள ஹெல்மெட்டா? பைத்தியமாடா நீ?" ஜெகதீசன் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

"விழுந்து செத்தவனுக்கு அப்புறமாக் கொண்டாந்து மாட்டிவிட்டீங்களே, அதைவிடவா சார்?" சவரியப்பன் எல்லாருக்கும் தெரியக் கழற்றித் திருப்பிக் காட்டினான். ஹெல்மெட்டில் ஒரு கீறல் இல்லை. உள்பட்டையைச் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. "அவன் பெண்டாட்டி வக்கீல்கிட்ட காட்டட்டும்."



முனியராஜும் அதே விமானத்தில்தான் வந்தான், அடியில், பெட்டிக்குள். அவனைத் தலையோடு சேர்த்துத்தான் எடை போட்டிருந்தார்கள்.