எருமை படித்த ஒன்றாம் வகுப்பு

மலையடிவாரக் காட்டில் இளம்பரிதி என்றொரு நரி இருந்தது. வாத்தியார் ஆக வேண்டும் என்பது அதன் ஆசை. சின்ன ஆசைதானே என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காட்டில் நரியைக் கண்டால் எல்லோரும் குட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். வாத்தியார் நரி என்றால் மட்டும் அந்தக் குட்டிகளைத் தாங்களே கொண்டுவந்து விட்டுவிட்டு, வணக்கமும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

இளம்பரிதி ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தது. எழுத்துத் தேர்வுகளிலெல்லாம் தேறிவிட்டது. ஆனால் நிஜப் பள்ளிக்கூடத்துக்குப் போய், நிஜப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்டும் கற்பித்தல் பயிற்சியில் மட்டும் இரண்டு வருடமாகக் கோட்டை விட்டிருந்தது.

"இந்தத் தடவையும் தேறலேன்னா மரியாதையா என்கூட நண்டு பிடிக்க வந்துடு!" என்று அண்ணன் நரி கறாராகச் சொல்லிவிட்டது. நண்டு கடித்து அண்ணனின் மூக்கு ஆகியிருந்த கோலத்தைப் பார்த்தவர்களுக்கு இளம்பரிதியின் கலக்கம் புரியும்.

ஆகவே நரி ஒரு மாதம் வெறித்தனமாகத் தயாரானது. அது எடுத்துக்கொண்ட பாடம் மழை. ஆல இலைகளைத் தைத்துப் பெரிய சார்ட் செய்தது. அதில் இலவம்பஞ்சை ஒட்டி மேகம் வைத்தது. பிறகு பாடத்திட்டம் எழுதியது. இடது பக்கம் ஆசிரியர் கேட்கும் கேள்வி. வலது பக்கம் பிள்ளைகள் சொல்லப்போகும் பதில். ஆமாம், பிள்ளைகளின் முகத்தைக்கூடப் பார்க்காமல், அவர்கள் வாயிலிருந்து என்ன வரும் என்பதையும் அதுவே எழுதிவிட்டது! அப்படித்தான் எழுத வேண்டும் என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அடுத்தது ஒத்திகை. கூடப் படிக்கும் எருமை மரகதமும் கீரி சுடலையும் பிள்ளைகளாக நடித்தன.

"பிள்ளைகளே, மழை எங்கிருந்து வருகிறது?" என்று நரி கேட்டது.

"மேகத்திலிருந்து வருகிறது, சார்!" என்று இரண்டும் வலது பக்கத்தைப் பார்த்து ராகம் போட்டுப் படித்தன.

"மழை பெய்தால் என்ன ஆகும்?"

"பயிர் வளரும், சார்!"

நரி உருகிப்போனது. "அடடா, தங்கமான பிள்ளைகள்! வகுப்புன்னா இப்படி இருக்கணும்!"

"மழை எங்கேருந்து வருதுன்னு எனக்கே இப்பத்தாண்டா தெரியும்," என்றது எருமை.

பயிற்சிக்காக இளம்பரிதிக்குக் கிடைத்தது ஓடைக்கரை ஆரம்பப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு. நரி சார்ட்டை மாட்டிவிட்டுத் தொண்டையைச் செருமியது.

"பிள்ளைகளே, மழை எங்கிருந்து வருகிறது?"

"சார், உங்க வால் நிஜ வாலா? இழுத்துப் பாக்கட்டுமா?" என்றது குரங்குக் குட்டி.

"சார், ஒண்ணுக்கு!" என்று எழுந்தது கரடிக் குட்டி. அவ்வளவுதான். இதுவரை அந்த நினைப்பே இல்லாமல் இருந்த மொத்த வகுப்புக்கும் ஒன்றுக்கு வந்துவிட்டது.

"எல்லோரும் உட்காருங்கள்! மழை எங்கிருந்து வருகிறது?" என்று நரி கத்தியது.

முள்ளம்பன்றிக் குட்டி மெதுவாகக் கையைத் தூக்கியது. "எங்க வீட்ல மழை கூரையிலேருந்து வரும் சார். அம்மா கீழே சட்டி வெப்பாங்க."

நரி அவசரமாகப் பாடத்திட்டத்தின் வலது பக்கத்தைப் பார்த்தது. "தப்பு! அப்படி எழுதவே இல்லை! உட்கார்!"

முள்ளம்பன்றிக் குட்டி முகம் வாடி உட்கார்ந்துவிட்டது. எனக்கு நரியின் மீது கோபம் கோபமாக வருகிறது. சட்டி வைத்து மழையைப் பிடித்த பிள்ளையிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால், மேகம் தானாக வந்திருக்காதா?

அதற்குள் பன்றிக் குட்டி சார்ட்டில் பாதியைத் தின்றுவிட்டது. "சார், மேகத்துல உப்பே இல்லை!" என்று புகாரும் சொன்னது.

மாலையில் நரி தள்ளாடிக்கொண்டே வந்து மரகதத்தின் முன்னால் விழுந்தது. "நாளைக்கு மேற்பார்வையாளர் வராங்க! இந்தப் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு நான் எப்படித் தேறுவேன்? நீங்க வந்து என் வகுப்புல உக்காருங்க!"

"டேய், எனக்குக் கொம்பு இருக்குடா!" என்றது மரகதம்.

"ரிப்பன் கட்டிக்கலாம்!"

"என் மீசையை என்ன பண்றது?" என்றது சுடலை.

"தலையைக் குனிஞ்சுக்கோ! அடக்கமான பிள்ளைன்னு நினைப்பாங்க. நீங்க பாடம் நடத்துற பள்ளிக்கு அவங்க வர்ற அன்னிக்கு நான் வந்து பிள்ளையா உக்காருறேன். போதுமா?"

போதும் என்றன இரண்டும். செய்தி பரவி, பயிற்சிப் பள்ளியின் மொத்தக் கூட்டமும் ஒன்றாம் வகுப்பில் சேரத் தயாராகிவிட்டது.

மறுநாள் காலை நரி பிள்ளைகளை வாசலிலேயே மறித்தது. "இன்னைக்கு எல்லாரும் நாவல் மரத்தடிக்குப் போங்க! பழம் எவ்வளவு வேணும்னாலும் தின்னலாம்!" இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. வகுப்பு காலியானது. ரிப்பன் கட்டிய எருமையும், குனிந்த தலையோடு கீரியும், பின்னால் பெரிய கூட்டமும் உள்ளே வந்து குட்டிப் பெஞ்சுகளில் நெருக்கி அடித்து உட்கார்ந்தன.

மேற்பார்வையாளர் வேதவல்லி அம்மா வந்தார். அவர் ஒரு யானை. வந்ததும் பாடத்திட்டத்தை வாங்கி விரித்தார். அதற்குள் தலையை நுழைத்தவர்தான், அப்புறம் நிமிரவே இல்லை.

"பிள்ளைகளே, மழை எங்கிருந்து வருகிறது?"

"மேகத்திலிருந்து வருகிறது, சார்!" என்றது வகுப்பு, பாதி கட்டைக்குரலில். வேதவல்லி அம்மா வலது பக்கத்தைப் பார்த்து ஒரு டிக் போட்டார்.

"மழை பெய்தால் என்ன ஆகும்?"

"பயிர் வளரும், சார்!" இன்னொரு டிக்.

அந்த நேரம் பார்த்து மரகதம் உட்கார்ந்திருந்த பெஞ்சு 'மடார்' என்று ஒடிந்தது. நரிக்கு உயிரே போய்விட்டது.

"சேட்டை பண்ணாதே, பாப்பா!" என்றார் வேதவல்லி அம்மா, தலையைத் தூக்காமல். அடுத்த டிக்கையும் போட்டார்.

கடைசி டிக் விழுந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் சர்வீஸ்லேயே இப்படி ஒரு வகுப்பைப் பார்த்ததில்லை, தம்பி!" என்றார். அவர் எந்த வகுப்பைத்தான் பார்த்திருக்கிறார், பாவம். "நீ தேறிட்டே! இந்தா சான்றிதழ்!"

நரி துள்ளிக் குதித்தது. அண்ணனாவது, நண்டாவது!

"இன்னொரு நல்ல செய்தியும் இருக்கு," என்றார் வேதவல்லி அம்மா. "இந்த ஒன்றாம் வகுப்புல எந்த வாத்தியாரும் நிலைக்கிறதே இல்லை. ஒருத்தர் மரத்து மேல ஏறிக்கிட்டு இறங்கவே மாட்டேன்னுட்டார். நீதான் இதுங்களை இப்படி அடக்கி வெச்சிருக்கே. நாளையிலேருந்து உனக்கு இங்கேயே நிரந்தர வேலை! இதே வகுப்பு, இதே பிள்ளைங்க!"

நரியின் வால் தொங்கிப்போனது. "அம்மா... வேற பள்ளி ஏதாவது..."

"ஏன், இந்தப் பிள்ளைங்களுக்கு என்ன குறை?"

நரி யோசித்தது. இவை பிள்ளைகளே இல்லை என்று உண்மையைச் சொன்னால் சான்றிதழ் போய்விடும். அப்புறம் நண்டுதான். சொல்லாவிட்டால் அந்த வகுப்பு! நரி சான்றிதழைப் பார்த்தது. ஒடிந்த பெஞ்சைப் பார்த்தது.

"ஒரு குறையும் இல்லைங்கம்மா," என்றது ஈனக்குரலில்.

யானை போனதும் நரி ஓடிப்போய் மரகதத்தின் காலைப் பிடித்தது. "நாளைக்கும் வருவீங்கதானே?"

"நான் எதுக்குடா வரணும்? நான்தான் ஒன்றாம் வகுப்பு பாஸ் பண்ணிட்டேனே!" என்று ரிப்பனை அவிழ்த்துக் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டியது எருமை. கீரி ஏற்கெனவே மாயமாகியிருந்தது.

மறுநாள் காலை மணி அடித்தது. ஊதா நாக்குகளும் வயிற்று வலியுமாகப் பிள்ளைகள் உள்ளே வந்து விழுந்தன. நரி பாடத்திட்டத்தைப் புரட்டியது. இந்தக் கூட்டத்துக்கு என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ஒரு மாதம் தயாரான நரிக்கு, எதிரே இருப்பவர்கள் யார் என்பதே தெரியவில்லை. அதற்குத் தன்னை நினைத்தே வெட்கமாகிவிட்டது. திட்டத்தை மூடிவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தது.

"பிள்ளைங்களா, உங்க பேரெல்லாம் என்ன?"

இதை அந்தப் பிள்ளைகள் எதிர்பார்க்கவில்லை. பிறகு எல்லாப் பெயர்களும் ஒரே நேரத்தில் வெடித்தன. கூச்சல் ஓய்ந்த பிறகு முள்ளம்பன்றிக் குட்டி கிட்டே வந்து, "என் பேரு செங்காந்தள், சார்," என்று காதோடு சொன்னது. மதியத்துக்குள் நரி நான்கு பெயர்களைக் கற்றுக்கொண்டது. அதில் இரண்டு பொய்ப் பெயர்.

எதிரே உட்காரப்போகும் பிள்ளைகள் யாரென்று தெரிந்துகொள்ளாதவர், எத்தனை ஒத்திகை பார்த்தாலும் பாடம் நடத்தத் தயாராகிவிட்டதாக அர்த்தமில்லை.