தாசில்தார் கொண்டுவந்த நாற்காலி

குரு என்றதும் தாடியை எதிர்பார்க்க வேண்டாம். இந்தக் குருவுக்கு வயது பத்தொன்பது. பெயர் ஜெபக்கனி. பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறை எழுதப் போகவில்லை. பதினோரு வயதிலிருந்து செல்லோ வாசிக்கிறாள். பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயத்தின் இசைக்குழுவில் முதல் செல்லோ அவள்தான்.

சீடனுக்கு அடுத்த மாதம் அறுபது. பெயர் அருமைநாயகம். தாசில்தாராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். முப்பத்து மூன்று வருடம் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தவர்.

செல்லோவை வயலினுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளலாம். நாலு தந்தி. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, வில்லால் இழுத்து வாசிக்க வேண்டும். நின்றுகொண்டு வாசிக்க முடியாது. தரையில் சம்மணம் போட்டும் முடியாது.

இசைக்குழுவில் நாலாவது செல்லோ இடம் காலியாக இருந்தது. பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைக்கு முன்னால் ஆள் எடுப்பார்கள். அறுபது ஆனவர்களைப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்பது அங்கே விதி. ஆக, அருமைநாயகத்துக்கு இதுதான் முதல் வாய்ப்பு, இதுதான் கடைசியும்.

அவருக்கு ஏன் அந்த இடம்? அவர் மனைவி ரத்னபாய் முப்பது வருடமாக அதே தேவாலயத்தின் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல். அவள் அந்தப் பக்கம் நிற்பாள், இவர் இந்தப் பக்கம் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பார். நாலாவது செல்லோவின் இடம் ஆல்ட்டோ வரிசைக்கு நேர் முன்னால். சாகுமுன் ஒரு தடவையாவது அந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று ஜெபக்கனியிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

வகுப்பு நடந்தது மோட்டார் காயில் கட்டுகிற கடைக்கு மேல், ஒரு சின்ன அறையில். உட்கார அங்கே ஒரு மர ஸ்டூல், சுவரோரமாக.

“கொஞ்சம் முன்னால வாங்க சார்” என்பாள் ஜெபக்கனி.

“சரி டீச்சர்” என்பார்.

பாட்டு முடிவதற்குள் முதுகு சுவரில் இருக்கும்.

மற்ற தந்திகளில் பெரிய பிரச்சினை இல்லை. தடித்த அடித் தந்திதான் அவரை மதிக்கவில்லை. அதில் ஒரே இழுப்பில் எட்டு எண்ணும்வரை சத்தம் நிற்க வேண்டும். தேர்வில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். இவருக்கு ஐந்தில் கரகரத்து ஆறில் செத்துவிடும். எட்டு மாதமாக அது ஆறைத் தாண்டவில்லை.

“எல்லாம் இந்த ஸ்டூலால வாரது” என்றார் ஒருநாள். “நல்ல நாற்காலி ஒண்ணு இருந்தா வந்துரும். எந்த மாதிரி நாற்காலி வாங்கணும் டீச்சர்?”

“உங்களுக்கு எது வசதியோ கொண்டாங்க. பார்ப்போம்.”

முதலில் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. இழுக்கும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து முனகியது. அடுத்தது வீட்டுச் சாப்பாட்டு மேசை நாற்காலி. இடுப்பு வலிக்கிறது என்றார். ரத்னபாய் மெத்தை தைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு தூக்கம் வருகிறது என்றார்.

பிறகு சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி. செல்லோவின் அடியில் ஒரு கம்பி உண்டு. அது தரையில் வழுக்காமலிருக்க நாற்காலிக் காலோடு ஒரு வாரால் கட்டுவார்கள். இவரும் கட்டினார். வில்லை இழுக்க இழுக்க நாற்காலி, செல்லோ, தாசில்தார் மூன்றும் ஒன்றாக நகர்ந்து, பாட்டு முடியும்போது மாடிப்படிக்கு அரை அடி தூரத்தில் நின்றன. ஜெபக்கனி ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தாள்.

ஒவ்வொரு நாற்காலியிலும் அவள் “முன்னால வாங்க சார்” என்றே சொன்னாள். அவரும் சரி டீச்சர் என்றார்.

சனிக்கிழமை தேர்வு. வியாழக்கிழமை ஒரு லோடு ஆட்டோவில் கடைசி நாற்காலி வந்தது.

தேக்கு. உயரமான முதுகு. ஓய்வு பெற்ற நாளில் ஆபீஸில் கொடுத்தது. வில் இடிக்கும் என்று கைகளை மட்டும் தச்சனிடம் சொல்லிக் கழற்றியிருந்தார். முதுகில் பித்தளைத் தகடு, அதில் கிராம உதவியாளரிலிருந்து துணை கலெக்டர் வரை எல்லோர் பெயரும். தகட்டுக்கு மேலே வெள்ளைத் துண்டு. ஆபீஸர் நாற்காலி என்றால் துண்டு போட வேண்டும். இவர் வீட்டிலும் போட்டுத்தான் உட்காருவார்.

“இதுல எட்டு என்ன, பதினாறே வரும்” என்று உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் வாசித்தார். அடித் தந்தி ஆறில் செத்தது.

ஜெபக்கனி எழுந்து வந்து துண்டை எடுத்துப் பார்த்தாள். நடுவில் ஒரு முதுகு அளவுக்கு ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு மடித்து வைத்தாள்.

“சார், கீழ போயி ரெண்டு டீ வாங்கிட்டு வாங்க.”

அவரை யாரும் அப்படி அனுப்பியதில்லை. ஆனாலும் போனார். கடையில் கூட்டம். இரண்டு கையிலும் கிளாஸோடு மாடி ஏறி வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

நாற்காலியைத் தரையில் மல்லாத்திப் போட்டிருந்தாள். தகடு உரசாமலிருக்க அடியில் அந்தத் துண்டை விரித்திருந்தாள். கையில் பெரிய ரம்பம், எதிரே சவப்பெட்டி செய்கிற கடையிலிருந்து வாங்கியது. முன்னங்கால் ஒன்றில் இரண்டு விரல் அளவு போய்விட்டது. அடுத்ததில் ரம்பம் பாதி இறங்கியிருந்தது.

“டீச்சர்.”

“டீய வச்சிட்டு இந்தக் காலக் கொஞ்சம் பிடிங்க சார். ஆடுது.”

டீ கை மேல் கொட்டியது அவருக்குத் தெரியவில்லை.

“என்ன பண்ணுதீங்க?”

“ஒண்ணு முடிஞ்சிட்டு. இப்ப விட்டா நொண்டும்.”

அவருக்கு வாய் திரும்ப வந்தபோது நிறையப் பேசினார். அது யார் யார் கொடுத்தது என்றார். தகட்டில் இருக்கிற பெயர்களை மேலிருந்து கீழே சொன்னார். இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் ஆட்களை சஸ்பெண்ட் பண்ணியிருக்கிறேன் என்றார். பத்தாம் வகுப்புகூடத் தேறாத பிள்ளையிடம் வந்தேனே, என் புத்தி என்றார். ஜெபக்கனி தலையாட்டிக்கொண்டே அறுத்தாள். கட்டை கழன்று உருண்டு அவர் காலில் வந்து முட்டியது.

அவர் அப்படியே இறங்கிப் போய்விட்டார். செல்லோவைக்கூட எடுக்கவில்லை.

வீட்டில் அவர் நடந்ததைச் சொன்னதும் ரத்னபாய் கையிலிருந்த கரண்டியோடு நின்றாள். “அந்தப் பிள்ளையா?” என்றாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “அறுத்துட்டாளா?” என்றாள். சாப்பிடும்போது மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அதே லோடு ஆட்டோவோடு வந்தார். நாற்காலியையும் செல்லோவையும் எடுத்துக்கொண்டு, இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போவதாக உத்தேசம். கேட்பதற்கு முன்னால் எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று பார்க்க அதில் உட்கார்ந்தார்.

முன்பக்கம் சரிந்தது. வழுக்கிக்கொண்டு போனார். இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்திப் பிடித்தால்தான் நிற்க முடிந்தது. சாயப் பார்த்தார். ஏற்றத்தில் பின்னால் ஏறிப் போய்த்தான் முதுகைத் தொட வேண்டும். ஏறினால் மறுபடி வழுக்கியது.

“இதுல மனுஷன் உக்காருவானா?”

“உக்கார முடியாது சார்” என்றாள் ஜெபக்கனி. செல்லோவை அவர் முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, வில்லைக் கையில் கொடுத்தாள். “ஒரே ஒரு இழுப்பு. அப்புறம் எடுத்துட்டுப் போங்க.”

கோபத்தில்தான் இழுத்தார். அடித் தந்தி. ஒன்று, இரண்டு என்று அவள் எண்ணினாள். ஐந்தில் கரகரக்கவில்லை. ஆறு போனது. ஏழு. எட்டு. வில்லில் இன்னும் ஒரு விரல்கடை மிச்சம் இருந்தது.

அவர் வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ மாற்றி வைத்துவிட்டதைப் போல.

கீழே காயில் கடைக்காரர் வெளியே வந்து மாடியைப் பார்த்துக் கத்தினார். “யம்மா, யாரு, புது ஆளா?”

அருமைநாயகம் லோடு ஆட்டோவைத் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு மத்தியானம் வரை வாசித்தார். துண்டு நாற்காலி முதுகில் காய்ந்தபடி கிடந்தது.

சனிக்கிழமை அந்த நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனார். குழுவின் தலைவர் ஞானசிகாமணி அதைச் சுற்றி வந்து பார்த்தார். முன்னங்கால்களைப் பார்த்தார். இதில் கரையான் ஏதும் ஏறியிருக்கிறதா என்று கேட்டார். பிறகு, சொந்த நாற்காலி கூடாது, எல்லோருக்கும் ஒரே நாற்காலிதான் என்று சொல்லிவிட்டார்.

அங்கே இருந்தது இரும்பு மடக்கு நாற்காலி. அதன் பலகை பின்பக்கமாகச் சரிந்திருக்கும். உட்கார்ந்தவரை அதுவே இழுத்துச் சாய்த்துவிடும்.

அருமைநாயகம் தேக்கு நாற்காலியை ஓரமாக நகர்த்தி வைத்தார். மூன்றாவது ஆளாகக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்தார். நாற்காலி இழுத்தது. அவர் பாதங்கள் தானாகத் தரையை அழுத்தின. பலகையின் முன் விளிம்புக்கு வந்துவிட்டார். முதுகுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு பாட்டுப் புத்தகத்தை நிறுத்தி வைக்கலாம்.

அடித் தந்தியை இழுக்கச் சொன்னார்கள். எட்டு எண்ணினார்கள். ஞானசிகாமணி இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறையும் எட்டு.

அவர் பெயரை வாசித்தபோது, பாட்டுப் பயிற்சிக்கு வந்து ஆல்ட்டோ வரிசையில் நின்றுகொண்டிருந்த ரத்னபாய் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் அருமைநாயகம் மாடி ஏறி வந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தார். ஆனால் ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. முந்தின நாள் பொறுக்கி வைத்திருந்த இரண்டு தேக்குக் கட்டைகளையும் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க சார்.”

“இன்னைக்கு அந்த இரும்பு நாற்காலியில வாசிச்சப்பதான் வெளங்கிச்சு. முன்னால வந்து உக்காரணும், சாயக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.”

“ஆமா சார்.”

“இத வாயால சொல்லியிருந்தாலே போதுமே. நாற்காலிய எதுக்கு அறுத்தீங்க?”

ஜெபக்கனி தன் வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“சொன்னேனே சார். எட்டு மாசமா. வாரத்துக்கு மூணு நாள்.”

அருமைநாயகம் யோசித்துப் பார்த்தார். முதல் நாள் ஸ்டூலை நினைத்தார். பிளாஸ்டிக் நாற்காலியை, மெத்தையை, சக்கரத்தை. ஒவ்வொன்றிலும் தான் சரி டீச்சர் என்று சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. எதற்குச் சரி என்றோம் என்பது ஞாபகம் இல்லை.

“எனக்குக் காதுலயே விழலையே டீச்சர்.”

“தெரியும் சார்” என்றாள் ஜெபக்கனி. “அதான் நாற்காலிட்ட சொன்னேன்.”