டெய்லர் அண்ணாச்சிக்குக் குரு இல்லை

“எனக்குக் குரு இல்ல, அம்மை. அதான் மனசு கிடந்து அடிச்சுக்கிடுது.”

தெய்வநாயகம் இப்படி ஆரம்பித்தபோது அம்மை தலையை நிமிர்த்தவில்லை. மடி நிறையச் சின்ன வெங்காயம் வைத்து உரித்துக்கொண்டிருந்தாள்.

மலையடிவாரத்து மடம் அது. பெரிய மடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடு போட்ட ரெண்டு அறை, ஒரு அடுப்படி, மத்தியானம் யார் வந்தாலும் கஞ்சி. அவ்வளவுதான். அதை நடத்துகிற அம்மைக்கு வயசு நாற்பதுகூட ஆகவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த தெய்வநாயகத்துக்கு அறுபது தொட ஒரு வருஷம் பாக்கி. பேரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. டெய்லர் அண்ணாச்சி என்றால் தெரியும்.

“தையலுக்குக் குரு இருந்தாரே?” என்றாள் அம்மை.

“இருந்தாரு. கத்தரிக்கோல் பிடியாலயே விரல் முட்டியில போட்டுப் போட்டுச் சொல்லிக் குடுத்தாரு. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் வருஷா வருஷம் விஜயதசமிக்கு அவர் வீட்டுக்கு வேட்டியும் வெத்தலையும் கொண்டு குடுத்துட்டுத்தான் வாரேன். அதுல குறை வைக்கல. நான் சொல்லுறது இதுக்கு.”

துண்டை அவிழ்த்தார். உள்ளே ஒரு மரக்கிண்ணம்.

பூவரச மரம். உள்ளங்கை ரெண்டையும் சேர்த்து ஏந்தினால் எவ்வளவோ அவ்வளவு. விளிம்பு அப்பளம் மாதிரி மெல்லிசு. தேன்மெழுகு போட்டுத் தேய்த்ததில் மரத்தின் ரேகையெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அடேயப்பா என்று சொல்லத் தோன்றும், யாருக்கானாலும்.

அம்மை வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

“நீங்க செஞ்சதா?”

“நான்தான். லேத்துல கடைஞ்சது. ஆனா யாரும் சொல்லித் தரல. நாலு வருஷத்துக்கு முன்னால நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியும்.”

தெரியும். ஊருக்கே தெரியும். பதினோரு வருஷம் குடித்தார். காலையில் பட்டன் தைக்க உட்கார்ந்தால் ஊசி ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம். கடைசியில் அவர் வீட்டம்மா அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது கிரைண்டரை மட்டும் தூக்க முடியாமல் விட்டுப்போனாள்.

“அந்தக் கிரைண்டர் மோட்டாரை வித்துக் குடிக்கலாம்னு கழட்டினேன், அம்மை. மானங்கெட்ட பய நான், மறைக்க என்ன இருக்கு? அன்னைக்குப் பார்த்து ஏதோ லீவு, பிராந்திக் கடை திறக்கல. மோட்டார் மடியில இருக்கு, கை நடுங்குது, என்ன செய்யன்னு தெரியல. கிடந்த பூவரசங் கட்டை ஒண்ணை அதுல மாட்டிச் சுத்தவிட்டு உளியை வச்சேன். கட்டை பறந்து வந்து நெத்தியில அடிச்சுது. இந்தா தழும்பு.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னொரு கட்டையை மாட்டினேன்.”

அம்மை சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார்.

“குடிச்சிட்டு அது முன்னால நிக்க முடியாது, அம்மை. விரல் போயிரும். சாயந்தரம் கடை திறக்கிற நேரத்துல நான் மெஷின் முன்னால நிப்பேன். அப்படியே ஒரு நாள், ரெண்டு நாள், ஒரு மாசம். ஒரு வருஷங் கழிச்சு அவளும் வந்துட்டா. இன்னைக்கு நான் மனுசனா இருக்கேன்னா அது கிண்ணத்தாலதான். யாருக்கு நன்றி சொல்ல? அதைச் சொல்லுங்க.”

“சாமிக்குச் சொல்லுங்க.”

“சொல்லியாச்சு. ஆறல.”

போன மாதம் பள்ளிக்கூடத்துக் கண்காட்சியில் அவருடைய கிண்ணங்களை அடுக்கிவைத்து, அவருக்குச் சால்வை போட்டு, ‘குருவே இல்லாமல் கற்ற மேதை’ என்று மைக்கில் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். இவருக்கு என்னவோ திருட்டுப் பொருளைத் தோளில் போட்ட மாதிரி இருந்ததாம்.

“அன்னைக்கு வீட்டுக்கு வர வழியில கால் தானா அந்தக் கடைப்பக்கம் போயிட்டு, அம்மை. முக்குல நின்னுட்டேன். கொஞ்ச நேரம் இல்ல, அரை மணி நேரம். குடிக்கல. ஆனா நின்னேன்.” குரல் இறங்கிவிட்டது. “குடுத்தது யாருன்னு தெரியாத பொருளு. என்னைக்கு வந்து திருப்பிக் கேப்பாகளோன்னு பயமா இருக்கு. நாளைக்கு விஜயதசமி. நீங்களே குருவா இருந்து இதை வாங்கிக்கிடுங்க. எனக்கு மனசு அடங்கிரும்.”

கிண்ணத்தை அவள் முன்னால் வைத்து, குனிந்து கும்பிட்டார்.

அம்மை எழுந்து அடுப்படிக்குப் போனாள். அகப்பையோடு வந்தாள். கொதிக்கக் கொதிக்க ஒரு அகப்பைக் கஞ்சியை அந்தக் கிண்ணத்தில் ஊற்றினாள்.

“ஐயையோ!” டெய்லர் அண்ணாச்சி துள்ளி எழுந்தார். “ரெண்டு மாசம் மெழுகு போட்டது, அம்மை!”

“கிண்ணம்னுதானே சொன்னீங்க?”

உப்புப் போட்டு, ரெண்டு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, நிதானமாகக் குடித்து முடித்தாள். அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கை சுடல. நல்ல கிண்ணம்” என்றாள். “எனக்கு உளி எந்தப் பக்கம் வெட்டும்னுகூடத் தெரியாது. தெரியாத வித்தைக்குத் தட்சிணை வாங்கினா நானும் திருடிதான். ஆமா, இவ்வளவு மெல்லிசா எப்படி வருது?”

கஞ்சி பட்டதை மறந்து அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கேட்டால் போதும், சொல்லத் தொடங்கிவிடுவார்.

“முதல்ல நான் என்ன செஞ்சேன்? துணியை வெட்டுத பழக்கம். விளிம்புல தொடங்கி உள்ளே போவோம்லா? மரத்தையும் அப்படியே விளிம்புல உளியை வச்சு அடிப்பக்கமா இழுத்தேன். நாரு நாராப் பேந்துது. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சே தோள்பட்டை போச்சு. ஆறு மாசம் இந்தக் கூத்து. பிறகுதான் தெரிஞ்சுது, வெளிப்பக்கத்தை அடியில இருந்து விளிம்புக்கு இழுக்கணும். இழுத்தா பட்டு மாதிரி வருது.”

“எப்படித் தெரிஞ்சுது? போன்ல பார்த்தீங்களா?”

“போன்ல காட்டுத ஆளு பேசுத பாஷையும் புரியல, கை வேகமும் பிடிபடல. ரெண்டு நாள்ல விட்டுட்டேன். இது சும்மா, தற்செயலா.”

“தற்செயல்னா?”

அண்ணாச்சி முகத்தைச் சுளித்தார். “பக்கத்து வீட்டுல ஒருத்தி இருக்கா, மாடத்தின்னு. பீடி சுத்துறவ. உளி பட்டதும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கத்துவா. ‘அண்ணாச்சி, பல்லு கூசுது, எண்ணிக்கை தப்புது’ன்னு. அவ வாயை அடைக்கணுமேன்னு இந்தப் பக்கம் இழுத்தேன், அந்தப் பக்கம் இழுத்தேன். அடியில இருந்து இழுத்தப்போ சத்தமே இல்ல. மழை பெய்யுத மாதிரி சர்ருன்னு போச்சு. அவளும் கத்தல.”

“சரி. உளியை எப்பத் தீட்டுவீங்க?”

“ஒரு கிண்ணத்துக்கு நாலு தடவை, அஞ்சு தடவை. முன்னால கத்தரிக்கோல் மாதிரி மாசத்துக்கு ஒருக்கத் தீட்டினாப் போதும்னு இருந்தேன். மடத்தனம்.”

“அதை யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. அந்தச் சனியன்தான், ‘நேத்து வெண்ணெய் மாதிரி போச்சு, இன்னைக்கு என்ன தகரத்தைக் கீறுதியளா’ன்னு கத்துனா. எரிச்சல்ல போய்த் தீட்டினேன்.”

அம்மை கிண்ணத்தைக் கழுவத் தொடங்கியிருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

“இதுக்கு மேல கடைஞ்சா உடைஞ்சிரும்னு எப்படித் தெரியும்?”

“சத்தம் மெலியும், அம்மை. கிணுகிணுன்னு கேக்கத் தொடங்கும். அந்த இடத்துல கையை எடுத்திரணும். முதல்ல எனக்கு அது காதுல விழல. ‘ஐயோ, ஒடையப் போகுது அண்ணாச்சி!’ன்னு ஒரு தடவை கத்துனா. உனக்கு என்ன தெரியும்னு இன்னும் கொஞ்சம் இழுத்தேன். ரெண்டாப் போச்சு. மறுதடவையில இருந்து அவ கத்துன இடத்துல...”

நிறுத்திவிட்டார்.

அம்மை கிண்ணத்தை இன்னொரு தண்ணீரில் அலசினாள்.

“அவகூடப் பேச்சு வார்த்தை உண்டா?” என்றாள் அம்மை.

“எதுக்குப் பேசணும்? வீட்டுக் கதவைப் படார்னு சாத்திருவேன். பொழுது விடிஞ்சாக் கத்துறவகிட்ட என்ன பேச்சு?”

“இந்த நாலு வருஷத்துல மெஷினை நிறுத்துன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பா?”

அண்ணாச்சி யோசித்தார். போன வாரம், போன மாதம், போன வருஷம் என்று பின்னாலேயே போய்ப் பார்த்தார். திட்டினது ஆயிரம் ஞாபகம் வந்தது. அந்த ஒரு வார்த்தை மட்டும் அகப்படவில்லை.

அம்மை கிண்ணத்தைத் துடைத்து, அவர் துண்டிலேயே வைத்து மடித்துக் கொடுத்தாள். மறுபடி வெங்காயத்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் டெய்லர் அண்ணாச்சி குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு பழம், நடுவில் அந்தக் கிண்ணம் வைத்துக்கொண்டு மாடத்தி வீட்டு வாசலுக்குப் போனார். பத்தடி தூரம்தான். ஆனால் நடக்க நடக்கக் காது மடல் சுட்டது. தெருவில் நாலு பேர் பார்க்கத்தான் செய்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

மாடத்தி முறத்தை மடியில் வைத்துப் பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் முகத்தில் சந்தேகம்.

“என்ன அண்ணாச்சி? இன்னொரு மெஷின் வாங்கப் போறியளோ?”

“இல்லம்மா.”

நாலு வருஷத்தில் அவர் அவளிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அவள் கையில் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். கிட்டே வந்தாள். வந்தவள், அவர் முகத்துக்கு நேரே மூக்கை இழுத்து மோந்து பார்த்தாள்.

சாராய வாடை இல்லை, திருநீற்று வாசனைதான் வந்திருக்கும்.

“ம்” என்றாள். “நேத்து முழுக்கச் சத்தத்தையே காணோம். ரெண்டு தடவை சுவர் மேல எட்டிப் பார்த்தேன். மெஷினுக்குப் பொட்டு வச்சிருந்துது. ஆயுத பூசையாக்கும்னு இருந்துட்டேன்.”

அண்ணாச்சி தட்டை நீட்டினார்.

“குரு தட்சிணை. வாங்கிக்கோ.”

“யாருக்கு?”

“உனக்குத்தான்.”

“அட, கோட்டி பிடிச்சிட்டா ஒங்களுக்கு? நான் என்ன படிச்சுக் குடுத்தேன்?”

“எல்லாம்.”

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை எடுத்தாள். கண்ணால் பார்க்கவில்லை. காதுப் பக்கம் கொண்டுபோய் நகத்தால் ஒரு சுண்டு சுண்டினாள்.

“விளிம்பு நல்லாயிருக்கு. அடி கொஞ்சம் தடியாக் கிடக்கு. பயந்துட்டிய.”

உண்மைதான். ஓட்டை விழுந்துவிடுமோ என்று பயந்து அடியில் கொஞ்சம் விட்டுவைத்திருந்தார். கண்காட்சிக்கு வந்த ஒரு ஆளுக்கும் அது தெரியவில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கவும் இல்லை. குனிந்து, அவள் கால் பக்கம் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ஐயோ, எந்திரிங்க அண்ணாச்சி! மூத்தவுக கும்பிட்டா எனக்குப் பாவம்.”

எழுந்தார்.

“மாடத்தி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். பல்லு கூசுதுன்னு சொன்ன. தலைவலிக்குன்னு சொன்ன. எண்ணிக்கை தப்பி எத்தனையோ பீடிக்கட்டைப் பிரிச்சுப் பிரிச்சு எண்ணியிருப்ப. ஒரு நாள்கூட மெஷினை நிறுத்துன்னு நீ சொல்லலியே, ஏன்?”

மாடத்தி கிண்ணத்தை முறத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தாள். உட்கார்ந்தாள். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள்.

“நிறுத்தச் சொன்னா நீங்க எங்க போவியன்னு எனக்குத் தெரியாதாக்கும்?”